முகநூலைப் பார்த்தால் பாதிப் பேர் தடுப்பூசிக்கு எதிராகத் தெரிகிறார்களே, நிலவரம் அப்படித்தானா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: தடுப்பூசி பற்றிய எந்தச் செய்திக்குக் கீழும் வசவும் பயமுறுத்தலுமாக இருக்கிறது, குடும்ப வாட்ஸப் குழுவிலும் அதே கதை, உங்கள் தங்கை தன் 9 மாதக் குழந்தைக்கு ஊசி போடலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்; மக்கள் உண்மையிலேயே தடுப்பூசிக்கு எதிராகத் திரும்பிவிட்டார்களா? பார்க்க இது எண்ணிக்கைக் கேள்விதான். ஆனால் அந்தச் சத்தத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது, தங்கையிடம் என்ன சொல்வது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கை. தேசியக் குடும்பநல ஆய்வுதான் இதற்கு நம்மிடம் இருக்கும் நல்ல அளவுகோல். தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளையும் பெற்றவர்கள் 2005-06 சுற்றில் 80.9 சதவீதம், 2015-16 சுற்றில் 69.7 சதவீதம், 2019-21 சுற்றில் 89.2 சதவீதம். நடுவில் ஏற்பட்ட சரிவைப் பாருங்கள். வாட்ஸப் எல்லார் கைக்கும் வந்து சேர்வதற்கு முன்பே அது நடந்துவிட்டது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு கிராமத்துக்கே வந்து ஊசி போடுவது நின்று, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. இரண்டு பேருந்து மாறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றால் தவணை தள்ளித்தான் போகும். சரிவு முழுவதற்கும் அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த சுற்றில் ஏற்பட்ட உயர்வோ, எல்லாருடைய கையிலும் மலிவு டேட்டா இருந்த காலத்தில் வந்தது. சமூக ஊடகத்தில் எதிர்ப்புச் சத்தமும் தரையில் ஊசி போட்டவர்களின் எண்ணிக்கையும் ஒரே நேரத்தில் ஏறியிருக்கின்றன. எனவே பாதிப் பேர் எதிர்க்கிறார்கள் என்பது குழந்தைத் தடுப்பூசி விஷயத்தில் தவறு. இதை உறுதியாகவே சொல்லலாம்.

அப்படியானால் பின்னூட்டங்கள் ஏன் அப்படி இருக்கின்றன? அறுபது பேர் போகும் பேருந்தில் இரண்டு பேர் சண்டை போட்டால், இறங்கியபின் எல்லாரும் பேசுவது அந்தச் சண்டையைப் பற்றித்தான். மீதி ஐம்பத்தெட்டுப் பேர் கண்ணில் படவே மாட்டார்கள். குழந்தைக்கு ஊசி போட்டு, இரவு லேசாகக் காய்ச்சல் அடித்து, மறுநாள் சரியாகிப்போன அம்மாவுக்கு அதைப் பதிவிட ஒரு காரணமும் இல்லை. நீங்களே சோதித்துப் பார்க்கலாம், ஒரு மணி நேர வேலைதான். ஏதாவது ஒரு தடுப்பூசிச் செய்தியை எடுத்து, பின்னூட்டங்களை 'மிகப் பொருத்தமானவை' என்ற வரிசையிலிருந்து 'எல்லாம்' என்பதற்கு மாற்றுங்கள். முதல் வரிசை அதிகம் பதில் வாங்கியதை மேலே தூக்கி வைக்கும், அதிகம் பதில் வாங்குவது சண்டை. பிறகு 200 பின்னூட்டங்களை ஒரு தாளில் நான்கு கட்டமாகப் பிரியுங்கள்: ஊசியே வேண்டாம் என்பவர், பயமோ சந்தேகமோ கேள்வியோ உள்ளவர், ஆதரிப்பவர், சம்பந்தமில்லாதவர். பின்னூட்டத்தை எண்ணாதீர்கள், ஆளை எண்ணுங்கள். ஒரே ஆள் பதினைந்து இடத்தில் எழுதியிருப்பார், அவர் ஒருவர்தான். இன்னொருவரிடமும் அதே 200-ஐக் கொடுத்து, உங்கள் பிரிப்பைப் பார்க்காமல் பிரிக்கச் சொல்லுங்கள். ஐந்தில் ஒன்றுக்கு மேல் முரண்பட்டால் உங்கள் கட்டங்களின் வரையறை சரியில்லை, திருத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். இதைச் செய்யும்போது எதிர்ப்புக் கட்டம் சுருங்கிப்போவதும், கடைசிக் கட்டம், அதாவது கட்சிச் சண்டையும் கிண்டலும், வீங்குவதும்தான் பொதுவாக நடப்பது.

இதே வேலையைக் கணினியிடம் கொடுத்து, 'எதிர்மறை இத்தனை சதவீதம்' என்று படம் போட்டுக் காட்டும் ஆய்வுகளை நம்புவதற்குமுன் யோசியுங்கள். அந்த மென்பொருள்கள் அளப்பது உணர்ச்சியை, நிலைப்பாட்டை அல்ல. 2021 மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் தமிழ்நாட்டில் கொரோனா தடுப்பூசிக் கையிருப்பு தீர்ந்து, பல மையங்களில் மக்களைத் திருப்பி அனுப்பினார்கள். 'விடியற்காலைல இருந்து நிக்கிறோம், ஊசி இல்லைன்னு துரத்துறாங்க, கேவலம்' என்று ஒருவர் எழுதினால் மென்பொருளுக்கு அது கடும் எதிர்மறை. எழுதியவரோ ஊசிக்காக ஏங்குகிறவர். 'நல்லா போடுங்க, சொர்க்கத்துக்கு நேரா டிக்கெட்' என்பது அதே மென்பொருளுக்கு ஆதரவு. தமிழில் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல். பலர் தமிழை ரோமன் எழுத்தில் அடிக்கிறார்கள், ஒரே சொல்லுக்கு நாலைந்து எழுத்துக்கூட்டல். உண்மையில் பரவும் சரக்கு படத்துக்குள் எழுதிய வரியாகவோ குரல்பதிவாகவோ இருக்கிறது, எழுத்துத் தேடலில் அது சிக்காது. வாட்ஸப் குழுக்கள் மூடிய அறைகள். ஆய்வாளர்கள் பார்ப்பது பொதுக் குழுக்களையும், ஆட்கள் தாமாக முன்வந்து கொடுப்பதையும் மட்டுமே. ஆக, தமிழ்ச் சமூக ஊடகத்தில் இத்தனை சதவீதம் எதிர்ப்பு என்று யாராவது தசமப் புள்ளியோடு சொன்னால், அந்தப் புள்ளியை நம்ப வேண்டாம்.

சரி, சத்தம் எண்ணிக்கையைச் சொல்லாது. வேறு என்ன சொல்லும்? மக்கள் எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்பதைச் சொல்லும். அதோடு, பயத்தை அதிகம் கிளப்புவது அப்பட்டமான பொய்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அது பெரும்பாலும் சரியில்லை என்பதையும் காட்டும். நடிகர் விவேக்கை நினைத்துப் பாருங்கள். 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கேமராக்களுக்கு முன்னால் கோவாக்சின் போட்டுக்கொண்டார், எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி அதிகாலை மரணம். 'தடுப்பூசி போட்ட மறுநாளே விவேக்குக்கு மாரடைப்பு' என்ற வரியில் ஒரு பொய்கூட இல்லை. பொய் இல்லாததால்தான் அதை எந்த உண்மை சரிபார்ப்பாளரும் 'போலி' என்று முத்திரை குத்த முடியவில்லை. அமெரிக்காவிலும் அதே ஆண்டு இதே மாதிரி நடந்தது: ஊசி போட்டு இரண்டு வாரத்தில் ஆரோக்கியமான மருத்துவர் ஒருவர் இறந்ததை நோய்க் கட்டுப்பாட்டு மையம் விசாரிக்கிறது என்று சிகாகோ ட்ரிப்யூன் தலைப்பிட்ட ஒரு செய்தி. 2024-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, 2021-இன் முதல் மூன்று மாத முகநூல் தரவை வைத்து இரண்டையும் எடைபோட்டது. பொய் என்று முத்திரை வாங்கிய இணைப்புகள் எல்லாம் சேர்ந்து ஏற்படுத்திய தயக்கத்தைவிட, பொய்யில்லாத ஆனால் சந்தேகத்தைக் கிளப்பும் செய்திகள் ஏற்படுத்தியது 46 மடங்கு என்று மதிப்பிட்டது. காரணம் எளிது. ஒவ்வொரு பொய்யும் தனியாகப் பார்த்தால் வலுவானதுதான், ஆனால் அதைப் பார்த்தவர்கள் குறைவு. அந்தச் சிகாகோ செய்தியை மட்டும் அமெரிக்காவில் சுமார் 5.5 கோடிப் பேர் முகநூலில் பார்த்திருக்கிறார்கள்.

இம்மாதிரி வரிகளில் விடுபடுவது எப்போதும் ஒன்றுதான்: எத்தனை பேரில்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 45 வயதைத் தாண்டிய 10 லட்சம் பேருக்கு இன்று ஊசி போடுகிறோம் என்று வையுங்கள். அந்த வயதினரில் ஆண்டுக்கு ஆயிரத்தில் 15 பேர் ஏதோ ஒரு காரணத்தால் இறக்கிறார்கள் என்று கொண்டால், ஆண்டுக்கு 15,000 பேர், வாரத்துக்கு 290 பேருக்குப் பக்கம். ஊசியில் வெறும் தண்ணீர் இருந்திருந்தாலும் அடுத்த ஏழு நாளில் அந்த 290 மரணங்கள் நடந்தே தீரும். ஒவ்வொன்றும் 'ஊசி போட்ட சில நாளில்' என்று எழுதக்கூடிய மரணம். எனவே ஒரு தனி மரணத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது, ஊசி காரணம் என்றும், காரணம் இல்லை என்றும். அதற்குத்தான் பக்கவிளைவுக் குழு, அதாவது ஊசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் நிபுணர் குழு, இருக்கிறது. கடுமையான நிகழ்வு என்றால் மருத்துவ அலுவலர் 24 மணி நேரத்துக்குள் மாவட்டத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். மருத்துவமனை ஆவணம், உடற்கூறு அறிக்கை, அதே குப்பியில் ஊசி போட்டுக்கொண்ட மற்றவர்களின் நிலை எல்லாம் திரட்டப்படும். பிறகு நிபுணர்கள் நான்கில் ஒரு வகையில் சேர்ப்பார்கள்: ஊசியோடு தொடர்புடையது, முடிவு சொல்ல இயலாதது, தற்செயலானது, ஆவணம் போதாததால் வகைப்படுத்த முடியாதது. முதல் வகைக்குள் ஊசிமருந்தின் இயல்பு மட்டும் வராது. மருந்தின் தரக் குறை, போட்டவர்களின் கைத்தவறு, ஊசி பயத்தால் மயங்கி விழுவது ஆகியவையும் வரும். விவேக்கின் மரணத்தைத் தற்செயலானது என்று தேசியக் குழு வகைப்படுத்தியது அக்டோபரில். வதந்தி கிளம்ப ஒரு மணி நேரம், விடை வர ஆறு மாதம். என் பார்வையில் இங்கே குற்றம் சொல்ல வேண்டியது வதந்தி பரப்பியவர்களை மட்டுமல்ல. 'சம்பந்தமே இல்லை' என்று முதல் நாளே அடித்துச் சொல்லிவிட்டு, இடைப்பட்ட ஆறு மாதமும் அரசுத் தரப்பில் விளக்கம் போதாமல் போனதும் ஒரு கோளாறு. இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது, அது ஒரே நாளில் உருவாகும் அடைப்பு இல்லை என்ற விவரம் அன்றே மருத்துவர்களிடம் இருந்தது. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும், ஏப்ரலில் தயங்கிய அதே ஊர் ஜூனில் டோக்கனுக்கு நின்றது. இரண்டாம் அலை வந்து போயிருந்தது. மக்கள் மனநிலை அவ்வளவு இளகியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2017-ஐயும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் தங்கைக்கு வரும் செய்திகளில் சில அப்போது எழுதியவையாகவே இருக்கும். அந்த பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய ஐந்து இடங்களில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும், பெரும்பாலும் பள்ளியிலேயே வைத்து. உடனே வாட்ஸப்பில் குரல்பதிவுகள் பறந்தன. பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாம் தமிழ்நாட்டில் மார்ச்சுக்கும் நீண்டது. அந்தக் குரல்பதிவுகளில் மலட்டுத்தன்மை, வெளிநாட்டுச் சதி என்று என்னென்னவோ இருந்தாலும், அவற்றின் அடியில் நியாயமான கேள்விகளும் இருந்தன. 'ஏன் ஐந்து இடத்தில் மட்டும், நாம சோதனை எலியா?' நாடு முழுவதும் ஒரே நேரத்தில் நடத்த ஆளும் மருந்தும் போதாது என்பதால் கட்டம் கட்டமாக நடந்தது, மற்ற மாநிலங்களுக்கும் அடுத்தடுத்துப் போனது. 'தனியார்ல ஏற்கெனவே எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்த ஊசி) போட்டாச்சு, மறுபடியும் எதுக்கு?' முகாமில் முன்பு போட்டதா இல்லையா என்று ஒவ்வொரு குழந்தைக்கும் சரிபார்க்க முடியாது. எதிர்ப்பாற்றல் ஏற்கெனவே உள்ள உடலில் கூடுதல் தவணை தீங்கு செய்வதில்லை. 'எங்களைக் கேட்காம ஸ்கூல்ல எப்படிப் போடலாம்?' இதற்கு மட்டும் நல்ல பதில் இல்லை. பெற்றோரை முன்கூட்டியே உட்காரவைத்துப் பேசாத இடங்களில் கோபம் வந்தது இயல்பு. பெற்றோர் கேட்ட கேள்விக்குப் பதில் வராத வெற்றிடத்தில்தான் குரல்பதிவு வந்து உட்கார்ந்தது.

உண்மையான பக்கவிளைவு உள்ள இடத்தில் அதை மக்களிடம் போதுமான அளவு எடுத்துச் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கோவிஷீல்டு என்ற கொரோனா தடுப்பூசி உதாரணம். 2024-இல் 'ரத்தம் உறையும் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது' என்று எல்லாக் குழுக்களிலும் ஓடியது. அந்த ஊசியை உருவாக்கிய நிறுவனம் பிரிட்டன் நீதிமன்றத்தில் கொடுத்த ஆவணம் பற்றிய செய்தி அது. ஆனால் விஷயம் புதிதில்லை: ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) குறைந்து ரத்தம் உறையும் அந்த அரிய நிலையை ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரலிலேயே பக்கவிளைவாகச் சேர்த்துவிட்டது. இந்தியக் குழுவும் அந்த மே மாதம், 10 லட்சம் தவணைக்கு 0.61 என்ற அளவில் இப்படிப்பட்ட நிகழ்வுகள் பதிவானதாக அறிவித்தது. நம் நாட்டில் எல்லா நிகழ்வும் பதிவாவதில்லை என்பதால் அந்த எண்ணைக் கீழ்வரம்பு என்று வைத்துக்கொள்வதே நல்லது. முதல் தவணைக்குப் பின் சில நாள் முதல் சில வாரம் வரைதான் அந்த ஆபத்து. 2021-இல் போட்டவருக்கு இன்று வரும் மாரடைப்பை அதோடு முடிச்சுப் போட முடியாது. நம்பிக்கை உண்மையிலேயே உடைந்த கதை வேண்டுமானால் பிலிப்பைன்ஸ். டெங்கு தடுப்பூசியை 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளுக்குப் போட்டபின், முன்பு டெங்கு வராதவர்களுக்கு அது நோயைக் கடுமையாக்கக்கூடும் என்று 2017 நவம்பரில் அதைத் தயாரித்த நிறுவனமே அறிவித்தது. தடுப்பூசி முக்கியம் என்று உறுதியாக ஒப்புக்கொண்டவர்கள் 2015-இல் 93 சதவீதம், 2018-இல் 32 சதவீதம். 2019-இல் அங்கே தட்டம்மை பெருகியது. அந்தச் சரிவைத் தொடங்கிவைத்தது ஒரு மெய்யான பிரச்சினை, சமூக ஊடகம் அதை ஊதிப் பெரிதாக்கியது.

இந்தத் துறையில் எது உறுதி, எது இழுபறி என்றும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்பது உறுதி. தொடர்பு உண்டு என்று 12 குழந்தைகளை வைத்து 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை 2010-இல் திரும்பப் பெறப்பட்டது, டென்மார்க்கில் 6.5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த 2019 ஆய்வு ஒரு தொடர்பும் காணவில்லை. தவறான தகவலைப் பார்த்தால் ஊசி போடும் எண்ணம் குறைகிறது என்பதும் ஓரளவு உறுதி: 2020-இல் நடந்த ஒரு சோதனையில், கொரோனா ஊசியைக் கட்டாயம் போடுவேன் என்றவர்கள் பிரிட்டனில் 6.2, அமெரிக்காவில் 6.4 சதவீதப் புள்ளி குறைந்தார்கள். ஆனால் சொன்ன எண்ணம் வேறு, கையை நீட்டுவது வேறு. எண்ணக் குறைவு எத்தனை ஊசிக் குறைவாக முடிந்தது என்பது இன்னும் இழுபறிதான். பன்னிரண்டே பேர்தான் 65 சதவீத எதிர்ப்புச் சரக்குக்கு மூலம் என்று 2021-இல் பரபரப்பாகப் பேசப்பட்டதே, அது எடுத்துக்கொண்ட மாதிரியைப் பொறுத்த எண். முகநூல் நிறுவனம் அதை மறுத்தது, தடுப்பூசி தொடர்பான பார்வைகளில் அவர்கள் பங்கு 0.05 சதவீதம் என்றது. வகுக்கும் எண்ணை மாற்றினால் இரண்டும் சாத்தியமே. திருத்தம் சொன்னால் ஆட்கள் இன்னும் பிடிவாதமாவார்கள் என்று முன்பு அதிகம் சொன்னார்கள், பிந்தைய ஆய்வுகளில் அது அபூர்வமாகவே தென்படுகிறது. எனவே குழுவில் பதில் சொல்லலாம், சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எதிர்ப்பாளர் சிலர்தானே என்று விட்டுவிடவும் முடியாது. தட்டம்மை பரவும் வேகத்துக்கு, ஊரில் 95 சதவீதம் குழந்தைகளுக்கு இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் அது பரவாமல் நிற்கும். மாநிலச் சராசரி நன்றாக இருந்து, போடாதவர்கள் எல்லாரும் ஒரே தெருவிலோ ஒரே பள்ளியிலோ இருந்தால் அங்கே நோய் வரும். 2016-இல் கேரளத்தின் மலப்புரத்தில் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) திரும்பி வந்து உயிர்களை எடுத்தது இப்படித்தான். மாநிலச் சராசரியில் கேரளம் அப்போதும் முன்வரிசையில்தான் இருந்தது.

இனி உங்கள் தங்கை. அவள் எதிர்ப்பாளர் இல்லை, கேள்வி கேட்கிறவள். குழுவில் எல்லார் முன்னாலும் அவளைத் திருத்தாதீர்கள், தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். எந்தச் செய்தி பயமுறுத்தியது என்று முதலில் கேளுங்கள்; பெரும்பாலும் ஒரே ஒரு காணொளியாக இருக்கும். அதில் எது மெய்யோ அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு விவரம். 9 மாதம் முடிந்ததும் போடுவது தட்டம்மை-ரூபெல்லா முதல் தவணை, வலது மேற்கையில் தோலுக்கு அடியில் 0.5 மி.லி.; இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். இந்த ஊசிக்குக் காய்ச்சல் அன்றே வராது, ஒரு வாரம் பத்து நாள் கழித்து சில குழந்தைகளுக்கு வரும், கூடவே லேசான தடிப்பும் வரலாம், இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். இதை முன்னாலேயே சொல்லிவிட்டால் பத்தாவது நாள் அவள் பதறமாட்டாள். கடும் ஒவ்வாமை 10 லட்சத்தில் ஒன்று என்ற அளவு. அதற்காகத்தான் ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வது, அதைத் தவிர்த்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். கலக்கிய குப்பியை 4 மணி நேரத்துக்குமேல் பயன்படுத்தக் கூடாது, திறந்த நேரத்தை அதில் எழுதியிருப்பார்கள். கேட்டால் செவிலியர் காட்டுவார், கேட்பதில் தப்பில்லை. முந்தைய ஊசியில் கடும் ஒவ்வாமை வந்திருந்தாலோ, குழந்தைக்கு எதிர்ப்புச் சக்திக் குறைபாடு இருந்தாலோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் சிகிச்சை நடந்தாலோ மருத்துவரிடம் பேசாமல் போடக் கூடாது. சளி, லேசான காய்ச்சலுக்குத் தள்ளிப்போடத் தேவையில்லை.

குழுவில் பதில் போடும்போது அந்தப் படத்தையோ காணொளியையோ மறுபடி ஒட்டாதீர்கள், மறுப்புக்காக ஒட்டினாலும் படம்தான் நினைவில் நிற்கும். உண்மையை முதல் வரியில் வையுங்கள், தவறு இன்னது என்று ஒரு வரி, எந்த இடத்தில் ஏமாற்றுகிறது என்று ஒரு வரி (பழைய காணொளி, வேறு நாடு, எத்தனை பேரில் என்பது இல்லை), மறுபடி உண்மை. அவ்வளவு போதும். பெரியவர்கள் உள்ள குழுவில் முப்பது விநாடிக் குரல்பதிவு எழுத்தைவிட நன்றாகப் போய்ச் சேரும். அனுப்பிய சித்தப்பாவோடு மூன்றாவது சுற்று வாதம் வேண்டாம். நீங்கள் பேசுவது அவரிடம் அல்ல, ஒன்றும் எழுதாமல் படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களிடம். செய்தியில் குறிப்பிட்ட ஊர், பள்ளி, தேதி இருந்தால் மட்டும் அதை வெறும் வதந்தி என்று ஒதுக்கிவிடாதீர்கள். 104 என்ற மாநில சுகாதார உதவி எண்ணிலோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடமோ அன்றே சொல்லுங்கள். உண்மையாக இருந்தால் விசாரணை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், பொய்யாக இருந்தால் பெயரோடு மறுக்கக்கூடியவரும் அவர்தான்.